மூச்சிழுக்கும் தொட்டி

களியக்காவிளையில் பஸ் மாறும்போதே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தூத்துக்குடியில் மழை என்பது விருந்தாளி. வந்தால் வாசலில் நின்று பார்ப்போம். இங்கே அது வீட்டு மாப்பிள்ளை. யாரையும் கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

பக்கத்து இருக்கையில் பொழியூர் மீன்கார அம்மாள். காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு என் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போறியோ?"

"பாறசாலை. அங்கிருந்து குன்னத்துகால். ஒரு இரும்புத் தொட்டியைப் பார்க்கணும்."

"தொட்டியப் பாக்கவா இம்புட்டுத் தூரம்? என்ன சோலி உங்களுக்கு?"

"இரும்பு ஏன் துருப்பிடிக்குது, எப்படித் தடுக்கிறதுன்னு ஆராய்ச்சி."

என்னை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை அளந்தாள். "மண்ணெண்ண போட்டுத் தேச்சாப் போவுமே. இதுக்குப் படிக்க வேற செய்யணுமா?"

முன்சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவளைக் குற்றம் சொல்லி என்ன? நானே விரும்பியா வந்தேன்? வேதியியல் படித்து மருந்து கண்டுபிடிக்கப் போகிறேன் என்று திரிந்தவள். வேலை கிடைத்தது உலோக அரிப்பு ஆய்வுக்கூடத்தில். சின்னச் சின்ன இரும்புத் தகடுகளைத் துறைமுகத் தண்ணீரில் கட்டித் தொங்கவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, எடுத்துத் துடைத்து, கடல் எவ்வளவு தின்றிருக்கிறது என்று எடைபோடும் வேலை. அதிலேயே முனைவர் பட்டம். பிறகு ஒரு பெயின்ட் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவு. கூடப் படித்தவர்கள் அனல்மின் நிலையம், கப்பல் கட்டும் தளம், எண்ணெய்க் குழாய் என்று போய்விட்டார்கள். இந்த வேலையில் சோறு உண்டு, பேர் கிடையாது. நாங்கள் ஒழுங்காக வேலை பார்த்தால் ஒன்றுமே நடக்காது. பாலம் நிற்கும், குழாய் ஒழுகாது. நடக்காத காரியத்துக்கு எவன் மாலை போடுவான்?

பாறசாலையில் வில்சன் ஸ்கூட்டரோடு நின்றார். ரப்பர் கையுறை செய்யும் சின்னத் தொழிற்சாலைக்கு முதலாளி. வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்ததை மறுபடி திறக்கப் போகிறார். அங்கே இருக்கும் பெரிய தண்ணீர்த் தொட்டியின் உட்புறத்தைச் சுரண்டிப் பூச்சு அடிக்க வேண்டும். அடித்தால் தாங்குமா, தொட்டியையே பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதானா என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

கொஞ்ச தூரம் போனதும் ஸ்கூட்டரின் சைலன்சர் கழன்று ரோட்டில் விழுந்தது. வில்சன் அதை ஒரு துணியில் சுற்றி என் மடியில் வைத்தார்.

"மழைக்க சோலியாக்கும் மேடம்."

"மழையில்லை. பக்கத்துக் கடைக்கும் வீட்டுக்குமே ஓட்டினா புகையில இருக்கிற ஈரம் காயாது. உள்ளேயே தங்கித் தின்னுடும். துரு எப்பவும் உள்ளேயிருந்துதான் வரும்."

"ஓ" என்றார். வண்டியைத் தோட்டத்துப் பாதையில் திருப்பினார்.

ரப்பர் தோட்டத்துக்குள் நுழைந்ததும் பகல் போய்விட்டது. நல்ல மத்தியானம், ஆனால் இலைக்கூரைக்குக் கீழே விளக்கேற்றும் நேரத்து வெளிச்சம். ஒவ்வொரு மரத்திலும் கத்தி கீறிய தழும்பு, கீழே ஒரு கிண்ணம், அதில் சொட்டும் வெள்ளைப் பால். ஒரு பறவைச் சத்தம் இல்லை. எங்கள் ஊர் உப்பளத்தில் ஒரு மனிதன் வந்தால் அரை மைலுக்கு அப்பாலேயே தெரியும். இங்கே கையெட்டும் தூரத்தில் ஒருவர் நின்றாலும் தெரியாது போலிருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

தொட்டி தொழிற்சாலை ஷெட்டுக்குப் பின்னால் நின்றது. இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். பச்சைப் பெயின்ட், பக்கவாட்டில் ஏணி, உச்சியில் ஆள் இறங்கும் வாய். முதலில் என் கண்ணில் பட்டது அதன் சுவர்தான். ஒரு பக்கம் முழுக்க உள்வாங்கியிருந்தது, பட்டினி கிடந்தவன் வயிறு மாதிரி. லாரி ஏதாவது இடித்திருக்கும் என்று தடவிப் பார்த்தேன். கீறல்கூட இல்லை.

ஏணியில் ஏறிப் பார்த்தேன். மூடி இறுக்கமாக முடுக்கப்பட்டிருந்தது. போதாததற்கு, மூடியின் விளிம்பைச் சுற்றியும் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் ரப்பர் பால் ஊற்றி ஊற்றி, அது உறைந்து, மஞ்சளும் கறுப்புமாக அடுக்கடுக்காகக் கட்டிக்கிடந்தது. ஒரு மூலையில் உருகி வழிந்த மெழுகு.

"போன்ல தொட்டி தொறந்து கெடக்குன்னு சொன்னீங்களே?"

"அது... தொறந்துக்கிடலாம் மேடம்."

"வில்சன், தொறந்து கெடக்குறதுக்கும் தொறந்துக்கிடலாம்ங்கிறதுக்கும் வித்தியாசம் உண்டுமா இல்லையா?"

அவர் பதில் சொல்வதற்குள் மேகம் விலகி ஒரு துண்டு வெயில் தொட்டிமேல் விழுந்தது. என் காலடியில் 'டொம்' என்று ஒரு சத்தம். உள்ளேயிருந்து ஒருவர் முழங்கையால் இடித்த மாதிரி. கீழே வில்சன் சிலுவை போட்டுக்கொண்டார். தகடு சூட்டில் விரிந்தால் சத்தம் வரும் என்று விளக்கினேன். "ஆமா மேடம், ஆமா மேடம்" என்று சொல்லிக்கொண்டே ஷெட் பக்கம் வேகமாக நடந்துவிட்டார்.

அவர் வீட்டில்தான் தங்கல். மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மத்தி மீன் குழம்பும். குடிக்க இளஞ்சிவப்பில் தண்ணீர் வைத்தார்கள். பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்தது, உடம்புக்கு நல்லது என்று தெரியும். ஆனாலும் பழகிய கண் பழகிய கண்தான். துருப்பிடித்த குழாய்த் தண்ணீர் ஞாபகம் வந்து தொண்டையில் இறங்கவில்லை. கிழங்கை மட்டும் இரண்டாம் தடவை வாங்கினேன்.

சாப்பிட்டு முடிக்கும்போது ராபின்சன் வந்தான். தொட்டிக்குள் இறங்கிச் சுரண்டப் போகிறவன் அவன்தான். தொழிற்சாலை திறந்தால் அவனுக்கு மேற்பார்வையாளர் வேலை. அதுவரை கூலிக்கு ரப்பர் வெட்டுகிறான். திண்ணென்ற உடம்பு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அந்தச் சிரிப்போடுதான் சொன்னான்.

"எனக்க அண்ணன் இதுக்குள்ளதான் மரிச்சான் மேடம். ஜெயராஜ்னு பேரு. நல்ல மழைக்காலம், கம்பெனி பூட்டிக் கெடந்து, பின்ன தொறந்தாச்சு. தொட்டிக்க அடியிலயிருந்த கொஞ்ச வெள்ளத்தத் தொறந்துவிட்டுட்டு மூடிய எடுத்தோம். அடியில சகதி. அண்ணன் தொடப்பத்த எடுத்துட்டு எறங்கினான். பின்ன சத்தமே இல்ல. நான் பொறத்தாலே எறங்கினேன். யாரோ ரெண்டு காலையும் பிடிச்சு இழுத்தது மாதிரி இருந்துது. பின்ன கண்ண முழிச்சது ஆசுபத்திரியில."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"அவனுக்கு நெஞ்சுவலி, எனக்குப் பயம், அப்படின்னு. ஊருல ஆளுவ வேற என்னவெல்லாமோ பறயும். நாளைக்கு நான்தான் எறங்குவேன். இப்ப பயந்தா சாவுற வர பயந்துக்கிட்டேதான் இருக்கணும்."

வெறும் தண்ணீர்த் தொட்டி. அமிலமோ அமோனியாவோ அதில் ஊற்றியதே இல்லை என்று வில்சனிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். டாக்டரே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மழை கொட்டித் தீர்த்தது. போல்ட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பேனர் ஊரில் இல்லை. வில்சனும் நானும் நெய்யாற்றின்கரைக்குப் போனோம். போகும்போது பஸ்ஸின் வைப்பர் உடைந்து, கண்டக்டர் ஒரு கம்பில் துணி கட்டி ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். யாரும் அதை விசேஷமாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் இந்நேரம் பத்துப் பேர் டிரைவருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்திருப்பார்கள்.

இரும்புக் கடைக்காரரிடம் வில்சன் எதற்கு ஸ்பேனர் என்று சொல்லிவிட்டார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். எங்கள் முதுகுக்குப் பின்னால் தன் மனைவியிடம் மலையாளத்தில் ஏதோ சொன்னார். வெளியே வந்து என்ன சொன்னார் என்று கேட்டேன். வில்சனுக்குச் சொல்ல இஷ்டமில்லை. ரசவடை தின்று முடிக்கும்வரை நச்சரித்த பிறகு சொன்னார்: "குன்னத்துகால் தொட்டி வாயத் தொறந்தா, ஒருத்தன எடுக்காம மூடாதாம்." பாதி வடையை இலையிலேயே வைத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. ஷெட்டைச் சுற்றி வந்தால், தொட்டியின் உச்சியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளையும் சாம்பலுமாகப் புடவை, பக்கத்தில் ஒரு வாளி. வாளியிலிருந்து ரப்பர் பாலை ஒரு தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு, நேற்று நான் நகத்தால் கீறிப் பார்த்த இடத்தில் மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தாள். குழந்தைக்குத் தலையில் எண்ணெய் வைக்கிற பொறுமை. பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கத்துவதுதான்.

"யாரும்மா அது? எறங்குங்க கீழே!"

அவள் திரும்பினாள். "தொறக்கண்டாம் டீச்சரே. அவரு உள்ள கெடக்காரு."

"நான் டீச்சர் இல்லை."

"யாரானாலும் தொறக்கண்டாம்."

வில்சன் மெதுவாகச் சொன்னார்: ஜெயராஜின் மனைவி, சரோஜம். அவர் இறந்த பிறகு தொட்டியை மூடி முடுக்கச் சொன்னது அவள். ஒவ்வொரு வருஷமும் அவர் நினைவு நாளில் வந்து மெழுகுத்திரி கொளுத்தி, விளிம்பைச் சுற்றிப் பால் ஊற்றிவிட்டுப் போகிறாள். ரப்பர்க்காரர்களுக்கு எந்த ஓட்டையை அடைக்கவும் முதலில் கை போவது பாலுக்குத்தான்.

இறங்கி வந்து என் முன்னால் நின்றாள். கண்ணில் ஈரம் இல்லை. "அன்னைக்குக் காலத்த அவருக்கும் எனக்கும் சண்ட டீச்சரே. அவருக்க தங்கச்சிக்கு ரூவா குடுக்கியதப் பத்தி. கோவத்துல, 'போற எடத்திலேயே கெடயும், இங்கோட்டு வரண்டாம்'னு சொல்லிப்போட்டேன். அதான் அங்கயே கெடக்காரு. மாமியாரு சாவுற வர எனக்க மொகத்த நோக்கல்ல. இப்ப அவருக்க தம்பியும் எறங்கப் போறானாம். நான் பறஞ்ச வார்த்த இன்னொருத்தன விழுங்கப்பிடாது. அதுக்காக்கும் அடைக்கியது. ஊசி போற ஓட்ட வைக்க மாட்டேன்."

துருவைப் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசுவேன். இதற்கு எனக்குப் பாடம் நடத்தியவர் யாருமில்லை.

மூன்றாம் நாள் காலை வானம் வெளுத்திருந்தது. ராபின்சன் பால் வெட்டும் கத்தியால் விளிம்பைச் சுற்றி அறுத்தான். உறைந்த ரப்பர் தோல் உரிவதுபோல நீளமாக வந்தது. போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. சரோஜம் கையில் மெழுகுத்திரியோடு ஏணியின் உச்சிப் படியில் நின்றாள். எவ்வளவு சொல்லியும் போகவில்லை.

கடைசி போல்ட் தளர்ந்ததும் சத்தம் ஆரம்பித்தது. 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக. எத்தனையோ தொட்டிகளைத் திறந்திருக்கிறேன். நாற்றத்தை வெளியே தள்ளும், ஆவி விடும். இது விடவில்லை. மூடியின்மேல் கிடந்த காய்ந்த ரப்பர் இலை ஒன்று தானாக நகர்ந்து இடுக்கில் போய் ஒட்டிக்கொண்டு படபடத்தது. சரோஜத்தின் முந்தானை நுனி அந்த இடுக்கை நோக்கி நீண்டது. தொட்டி மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. நின்று நிதானமாக, வெகுநேரம் இழுத்தது. பிறகு உள்வாங்கியிருந்த சுவர் 'டொம்' என்று புடைத்துக்கொண்டு பழையபடி நின்றது.

என் கைமயிர் குத்திட்டு நின்றதை ஒளிக்கப் போவதில்லை.

மூடியை நகர்த்தினோம். ஈர இரும்பின் வாசனை, வேறொன்றுமில்லை. ராபின்சன் காலை வைக்கப் போனான்.

"அவருக்கு மெழுகுத்திரி எறக்காம ஒருத்தரும் எறங்கப்பிடாது" என்றாள் சரோஜம். அந்தக் குரலுக்கு எதிர்க்குரல் கிடையாது. திரியைக் கொளுத்தி, வாளியில் நிறுத்தி, கயிற்றில் இறக்கினாள். ஒரு முழம் இறங்கியிருக்கும், அணைந்தது. தூக்கிக் கொளுத்தி மறுபடி இறக்கினாள். அதே இடத்தில் அணைந்தது. மூன்றாம் தடவையும் அதே இடம்.

"வேண்டாங்காரு. கேட்டியாலே, வேண்டாங்காரு!" மாரில் அடித்துக்கொண்டாள்.

"சும்மா இரி மைனி. திரி நனஞ்சிருக்கும்" என்று ராபின்சன் சிரித்தான். உதடு வெளுத்திருந்தது. சொல்லிக்கொண்டே உள்ளேணியில் இரண்டு படி இறங்கி, வாளி எங்கே என்று குனிந்து தலையை உள்ளே விட்டான்.

எனக்குள் ஒன்று உறுத்தியது. காற்றடித்து அணையும் சுடர் ஆடி அணையும். ஈரத்திரி பொரிந்து அணையும். இது ஆடவுமில்லை, பொரியவுமில்லை. அடுப்பின் திருகைக் குறைத்த மாதிரி சின்னதாகி, நீலமாகி, இல்லாமல் போனது. இலை உள்ளே போனது. சுவர் உள்வாங்கியிருந்தது. ஊசி போகாமல் அடைத்த ரப்பர் பால். அடியில் ஈரம். சுற்றிலும் வெறும் இரும்பு.

ஐயோ, பாவி!

"எல, ஏறுல! தலையை வெளிய எடு!"

கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விடுவதைப் பார்த்தேன். பாய்ந்து சட்டைக் காலரைப் பிடித்தேன். கனம் என்னையும் சேர்த்து இழுத்தது. சரோஜம் அவன் தலைமயிரைக் கொத்தாகப் பற்றினாள். வில்சன் கத்திக்கொண்டே ஏணியில் ஏறி வந்து கையைப் பிடித்தார். மூன்று பேருமாக அவனைத் தொட்டிமேல் இழுத்துப் போட்டோம். முகம் சாம்பல். சரோஜம் அவன் கன்னத்தில் அறைந்தாள், மறுபடி அறைந்தாள். ஒரு பெரிய மூச்சை இழுத்து இருமினான்.

"காலப் பிடிச்சு..." என்றான். "அதே மாதிரி மேடம். ரெண்டு காலையும்."

கீழே இறங்கி ஈர மண்ணிலேயே உட்கார்ந்தோம். பிறகு சொன்னேன்.

"காலை யாரும் பிடிக்கலை. மூச்சு இல்லாம கால் செத்துப்போச்சு. இரும்பு துருப்பிடிக்கணும்னா அதுக்கு ஈரமும் வேணும், நாம சுவாசிக்கிற காத்தும் வேணும். மூடின தொட்டிக்குள்ள ஈரத்தோட விட்டா, உள்ள இருக்கிற உயிர்க்காத்தை எல்லாம் இரும்பே தின்னுடும். அந்த எடம் காலியாகித்தான் செவரு உள்ள ஒட்டுச்சு, தொறந்ததும் வெளிக்காத்தை இழுத்துச்சு. மிச்சம் ஒரு காத்து இருக்கும். அதுக்கு நாத்தம் கிடையாது, நிறம் கிடையாது. எறங்கினவன் மூச்சு விடுவான். அதுல ஒண்ணும் இருக்காது. அன்னைக்கும் மழைக்காலம் முழுக்க மூடிக் கெடந்த தொட்டிதானே?"

வில்சன் தலையாட்டினார். இத்தனை வருஷமாக இரும்பைக் காற்றிடமிருந்து எப்படிக் காப்பாற்றுவது என்றே பார்த்து வந்திருக்கிறேன். காற்றை இரும்பு என்ன செய்யும் என்பது பாதுகாப்பு விதிகளில் ஒரு வரி. கையெழுத்துப் போட்டுவிட்டு நகரும் வரி. முந்தாநாளே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கிழங்கைத்தான் இரண்டாம் தடவை வாங்கினேன்.

"அப்போ அந்தப் பாலு ஊத்தி ஊத்தி அடைச்சதுதான..." என்று வில்சன் வாயெடுத்தார். நான் செருப்புக் காலால் அவர் பாதத்தை அழுத்தினேன். மனுஷன் புரிந்துகொண்டு நிறுத்திவிட்டார்.

தொழிற்சாலையில் கையுறை உலர்த்தும் பெரிய மின்விசிறி ஒன்று இருந்தது. அதன் வாயில் பிளாஸ்டிக் ஷீட்டைக் குழாயாகச் சுருட்டிக் கட்டி, மறு முனையைத் தொட்டியின் அடிவரை இறக்கி, அன்று முழுக்க ஓடவிட்டோம். மறுநாள் காலையில் சரோஜமே மெழுகுத்திரியை இறக்கினாள். ஒரு முழம் தாண்டியது. பாதி தாண்டியது. தரையைத் தொட்டு, நின்று எரிந்தது. கயிற்றை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நான் இறங்கினேன். மெழுகுத்திரி வெளிச்சத்தில் சுவர் முழுக்கச் சிவப்பு. கைவைத்தால் அடை அடையாகக் கழன்று வந்தது. அடியில் இருந்த இரும்பு இன்னும் தடிமனாகத்தான் இருந்தது. சுரண்டிப் பூச்சு அடித்தால் தாங்கும். ஒரு மூலையில் ஜெயராஜ் கொண்டு இறங்கிய துடைப்பம் மொட்டையாகத் தேய்ந்து கிடந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு மேலே வந்தேன்.

"உள்ள அவரு இல்லியா டீச்சரே?"

"இல்லை சரோஜம்."

"அப்போ, நான் பறஞ்ச வார்த்த?"

"வார்த்தை யாரையும் கொல்லாது. இரும்புதான் அவர் மூச்சைத் தின்னது. நீங்க அன்னைக்கு மாலை போட்டு, ஆரத்தி எடுத்து அனுப்பியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்."

ரப்பர் இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு கேட்டாள்:

"தின்ன மூச்சு எங்க போச்சு?"

எந்த நேர்முகத் தேர்விலும் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. பொய் சொல்ல மனம் வரவில்லை. "எங்கேயும் போகலை. இரும்போட சேர்ந்து துருவாகிச் செவத்துலதான் ஒட்டியிருக்கு."

முந்தானையை விரித்து நீட்டினாள். "எனக்குக் கொறச்சு தரணும்."

மதியம் சுரண்டிக் குப்பையில் கொட்டப்போகிற துரு. மறுபடி இறங்கி, இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து போட்டேன். அவள் அதைச் சிந்தாமல் முடிந்து, முடிச்சை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். ராபின்சன் குடை பிடிக்க வந்தான். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். என்னையோ தொட்டியையோ பார்க்கவில்லை. குனிந்து முடிச்சைப் பார்த்துத்தான் சொன்னாள்:

"எழும்பி வாரும். இனி இங்க கெடக்கண்டாம். வீட்டுக்குப் போவோம்."